ஆண்டுக்கு ஒன்றேகால் முறை

காயாரோகணத்துக்கு வலது முழங்காலில் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது. எழுந்தால் உட்கார விடாது. முப்பத்தைந்து வருஷம் சேற்றுக்குள் நின்ற கால். சேற்றில் நிற்கும்போது அது வலித்ததே இல்லை. காய்ந்த ரோட்டில் நடந்தால்தான் வலிக்கும். கீழச்சேத்தியிலிருந்து நெடுங்கரைமங்கலம் தாசில்தார் ஆபீசுக்குப் போக ஆறு கல், வர ஆறு கல். பஸ் இருக்கிறது. பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் அரைப்படி நொய் வாங்கலாம் என்று நாகம்மாள் ஒருதரம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பஸ் எதிரே வரும்போதெல்லாம் காயாரோகணத்துக்கு நொய்மூட்டை ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போவதாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கும் ஆபீஸ் பூட்டியிருந்தது.

வாசல் படியில் பியூன் மீரா உசேன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் பூட்டியிருந்தாலும் பியூன் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால், பூட்டியிருக்கிறது என்று வருகிறவர்களிடம் யார் சொல்வது?

"என்னா பாய், இன்னைக்கு என்னா?"

"சிலை திறப்பு. அய்யா மாலை போடப் போயிருக்காரு."

"போன வாரமே திறந்தாச்சுன்னீங்களே?"

"அது பீடம்ப்பா. சிலை இன்னைக்குத்தான் வந்திச்சு."

காயாரோகணம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் இறங்கி உட்கார்ந்தார். மடியிலிருந்து சணல் கயிற்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். முப்பத்தெட்டாவது முடிச்சு.

கீழச்சேத்தியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் கூலிக் கணக்கில் அங்கே யாரும் ஏமாந்தது கிடையாது. கூலி நிலுவை நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. களத்தில் நெல் அளக்கிற அன்றைக்குக் கயிற்றை நீட்டினால், கொடுக்கிறவர் தன் கையாலேயே நாளுக்கு ஒன்றாக அவிழ்ப்பார். வாங்குகிறவன் அவிழ்க்கக் கூடாது. கொடுக்க வேண்டியவன் அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் பேச்சுக் கிடையாது. பண்ணை வைத்தியலிங்கத்தின் அப்பாகூட, வேறு எதில் என்ன செய்தாலும், நெல்லைக் கொடுக்காமல் முடிச்சில் கை வைத்ததில்லை.

ஆபீஸ் பூட்டிய நாளெல்லாம் காயாரோகணத்துக்குக் கூலி போன நாள். போக வைத்தது சர்க்கார். ஆகவே கொடுக்க வேண்டியதும் சர்க்கார். இதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

அவர் வந்த காரியம் சின்னது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசாத மேடை இல்லை, சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுவரில் எழுதியதைக் காகிதத்தில் எழுதித் தருவதற்கென்று தனியாக ஒரு தாசில்தாரையும் போட்டிருந்தார்கள். போன அறுப்பில் கூலியைக் கால் மரக்கால் ஏற்றிக் கேட்டுச் செங்கொடி பிடித்து வரப்பில் நின்றவர்களில் காயாரோகணமும் ஒருவர். அறுப்பு முடிந்த கையோடு பண்ணை, நின்ற ஆட்கள் பேரில் ஒவ்வொன்றாகக் கேஸ் போட்டார். காயாரோகணம் குடியிருப்பவரே அல்ல, மூங்கில் கொல்லைக்குக் காவல் வைத்த ஆள், காவல் வேலை முடிந்தது, காலி செய்ய வேண்டும் என்று பிராது. முன்சீப் கோர்ட்டில் பங்குனி இருபதாம் தேதி வாய்தா. தாசில்தார் கையெழுத்துப் போட்ட மனைச் சான்றைக் காட்டினால் மூன்று சென்ட் மனை. காட்டாவிட்டால் வெளியே.

சர்வேயர் அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். கணக்குப்பிள்ளை போட்டுவிட்டார். மிச்சமிருந்தது தனி தாசில்தார் துரைராசுவின் கையெழுத்து ஒன்றுதான்.

ஆடி மாதம் முதல் காயாரோகணம் நாற்பத்தொரு தடவை வந்திருந்தார். அதில் மூன்று தடவை ஆபீஸ் திறந்திருந்தது. முதல் தடவை தாசில்தார் இருந்தார், சீல் இல்லை. இலாகாவின் பெயரை நல்ல தமிழில் மாற்றியதால் பழைய சீலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது தடவை புது சீல் வந்திருந்தது, தாசில்தார் இல்லை. மூன்றாவது தடவை இரண்டும் இருந்தன. தாசில்தார் பேனாவைத் திறந்து, "எங்கய்யா போடணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. பேனாவை மூடிக்கொண்டு போனார்.

மற்ற முப்பத்தெட்டு நாளும் பூட்டு. மந்திரி வருகைக்கு இரண்டு நாள், வராமல் போனதற்கு ஒரு நாள். வட்டச் செயலாளர் மகள் கல்யாணம். ஊழியர்கள் வேலைநிறுத்தம் பதினொரு நாள். அது வெற்றி பெற்றதற்கு ஒரு நாள். ஆற்றில் தண்ணீர் வராததைக் கண்டித்துக் கடையடைப்பு. அப்புறம் தண்ணீர் அளவுக்கு மேல் வந்து ஊருக்குள் புகுந்ததால் வெள்ள விடுமுறை. புதுப் பெயர்ப்பலகை மாட்டிய நாலு நாளை மட்டும் காயாரோகணத்தால் குற்றம் சொல்ல முடியவில்லை. 'குடியிருப்பு மனை உரிமை வழங்கல் மற்றும் கண்காணிப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகம்' என்ற பெயருக்குச் செய்த பலகை வாசலைவிட நீளமாகப் போய்விட்டது. அதைக் குறுக்காகக் கட்டியபோது கதவு திறக்கவில்லை. கதவை எடுப்பதா, பெயரைக் குறைப்பதா என்று எழுதிக் கேட்டு, கதவைக் கழற்றி உட்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட உத்தரவு வந்தது.

"இன்னும் பதிமூணு நாள்தான் பாய் இருக்கு" என்றார் காயாரோகணம்.

மீரா உசேன் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார். "நாளைக்கு வா. நாளைக்குக் கட்டாயம் திறக்கும்."

"நீங்க இத மாதிரி எத்தன நாளைக்குச் சொல்லியிருக்கீங்க?"

"இது வேறப்பா. மெட்ராசுலேருந்து ஆபீசர் வராரு. இந்த ஆபீஸ் எத்தன தடவ மூடுதுன்னு அளக்குறதுக்கு."

காயாரோகணம் கயிற்றைப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

---

சட்டசபையில் யாரோ ஓர் உறுப்பினர், அரசு அலுவலகங்கள் வருஷத்துக்கு எத்தனை முறை மூடப்படுகின்றன என்று கேட்டுத் தொலைத்துவிட்டாராம். பதில் யாரிடமும் இல்லை. உடனே 'அலுவலக மூடல் நிகழ்வெண் கணிப்பு வாரியம்' என்று ஒன்றை உண்டாக்கி, மாநிலத்தில் ஓர் ஆபீசை மாதிரிக்கு எடுத்து அளந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். நெடுங்கரைமங்கலத்தின் அதிர்ஷ்டம், பெயர்களை அகரவரிசையில் அடுக்கியிருந்த தாளில் ஆபீசர் பேனாவை வைத்த இடத்தில் அது இருந்தது.

வந்தவர் சிறப்பு அலுவலர் நீலமேகம். வெள்ளைச் சட்டை, தோளில் கரைத்துண்டு, ஜீப். பங்குனி எட்டாம் தேதி காலை பத்துக்கே ஆபீஸ் திறந்து தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். காயாரோகணம் வாசலில் நின்று கதவு திறந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழகாத காட்சியாக இருந்ததால் உள்ளே நுழையத் தயக்கமாக இருந்தது.

நீலமேகம் முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். எழுத்தர் வேதநாயகம் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். ஒரு வருஷத்துப் பதிவேட்டில் ஆபீஸ் மூடியிருந்ததாக ஓர் இடத்தில்கூட எழுதியிருக்கவில்லை.

"ஏன் எழுதல?"

வேதநாயகம் எழுந்து நின்றார். "பதிவேடு உள்ளே பீரோவுல இருக்குங்க சார். மூடியிருக்கற அன்னைக்கு உள்ளே போயி எப்படி எழுதறது?"

"மறுநாள் எழுதலாமே?"

"மறுநாள் தேதிக்குத்தான் சார் மறுநாள் எழுதலாம். முந்தின நாள் தேதியில எழுதினா அது போர்ஜரி."

நீலமேகம் இதைக் குறித்துக்கொண்டார். தாசில்தார் துரைராசுவைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான் ஒரு நாள்கூட மூடலைங்க சார்" என்றார் துரைராசு. "நான் இருந்தாத்தானே மூடறதுக்கு?"

ஆதாரம் இல்லாமல் வாரியம் தவித்தபோது மீரா உசேன்தான் டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: "வாசல்ல ஒரு ஆள் நிக்கிறாருங்க. மூடின நாளெல்லாம் வந்தவரு. கயித்துல போட்டு வச்சிருக்காரு."

காயாரோகணத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் மனைக் காகிதத்தை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கும்பிட்டபடி போனார். நீலமேகம் கயிற்றை மட்டும் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அற்புதம்! பாமரன் கண்ட பஞ்சாங்கம்! இதுதான் மூல ஆவணம். வேதநாயகம், இதுக்கு நம்பர் போட்டு உள்ளே வையும்."

"அய்யா, இந்தக் காயிதம்..."

"அதையும் கூட வச்சுக் கட்டும். இந்த ஆள் ஏன் வந்தான் என்பதற்கு அது துணை ஆவணம்."

எட்டு மாதமாக மடியிலேயே இருந்த மனைக் காகிதம் கயிற்றோடு சேர்ந்து பீரோவுக்குள் போயிற்று. காயாரோகணம் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்தைப் பார்த்தார்.

---

மறுநாளிலிருந்து ஆபீசை மூடிவிட்டார்கள். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தால், மூடல் எவ்வளவு என்று அமைதியாக அளக்க முடியாதாம். ஞாயிறு நீங்கலாக ஒன்பது நாள். வெளியே பூட்டு, பின்வாசல் வழியாகச் சாப்பாடு போயிற்று.

காயாரோகணம் ஒன்பது நாளும் வந்தார். கயிறு உள்ளே இருந்ததால் தோளில் கிடந்த துண்டின் ஓரத்து நூலில் முடிச்சுப் போட்டார். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது கேட்கும்.

முதல் மூன்று நாளும் ஒரே கேள்வியில் போயின. கதவு திறந்திருந்து தாசில்தார் இல்லாவிட்டால் அது மூடலா? தாசில்தார் இருந்து சீல் இல்லாவிட்டால்? இரண்டும் இருந்து, அவருக்குப் போட மனசில்லாவிட்டால்? கடைசிக் கேள்வியை வேதநாயகம் கேட்டதாகவும், அதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டதாகவும் மீரா உசேன் வந்து சொன்னார்.

நாலாம் நாள் சாட்சி சொல்ல உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்தா பாருப்பா" என்றார் நீலமேகம். "வேலைநிறுத்தம், சேர்ந்தாப்போல பதினொரு நாள். இது ஒரு மூடலா, பதினொரு மூடலா? கதவு சாத்தினது ஒரு தடவைதானே?"

காயாரோகணம் யோசித்தார். "எனக்குப் பதினோரு நாளும் பசிச்சுதுங்க."

"பசியைக் கேக்கல. கதவைக் கேக்குறேன்."

"கதவுக்குப் பசிக்காதுங்க."

துரைராசு அதட்டினார். "யோவ், கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா. சாத்தினது எத்தன தடவ?"

"நான் வரும்போதெல்லாம் சாத்தித்தாங்க இருந்திச்சு. சாத்தும்போது நான் பாக்கல."

"ஆக, சாத்தினதுக்குக் கண்கண்ட சாட்சி இல்லை" என்று நீலமேகம் சொல்லச் சொல்ல வேதநாயகம் எழுதினார்.

வெளியே போகும் முன் காயாரோகணம் தாசில்தார் மேசையருகே நின்றார். நிற்பதற்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அய்யா, இருவதாம் தேதி வாய்தாங்க. அய்யா இங்கதான் இருக்கீங்க, சீலும் அந்தா இருக்கு. ஒரு நொடி வேலைங்க."

துரைராசு உண்மையாகவே வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னார். "புரியாம பேசாத. இப்ப நான் அளவுல இருக்கேன். அளக்குற நேரத்துல நான் கையெழுத்துப் போட்டா, ஆபீஸ் வேலை செஞ்சதா ஆயிடும். ஒன்பது நாள் கணக்கு கெட்டுப்போயிடும். சர்க்கார் கணக்கக் கெடுக்கச் சொல்றியா?"

"இல்லைங்க."

"அப்ப போ."

வீட்டில் நாகம்மாள் கேட்டாள். "உள்ளயே விட்டாங்களாமே? என்னா சொன்னாங்க?"

"அளக்குறாங்க."

"நெல்லையா?"

"பூட்ட."

நாகம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "பண்ணை காரியக்காரர் ரெங்கசாமி வந்து கீத்து எத்தன இருக்குன்னு எண்ணிட்டுப் போறாரு. அங்க பூட்ட எண்ணுறாங்க, இங்க கூரைய எண்ணுறாங்க. எண்ணுறதுக்கு நம்மகிட்ட என்னா இருக்கு சொல்லு?"

அவர் துண்டை மடித்து முடிச்சுகளை உள்ளே வைத்துக்கொண்டார்.

---

பங்குனி பதினெட்டு. அளவின் கடைசி நாள். காயாரோகணத்தை மறுபடி கூப்பிட்டார்கள். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் கயிறு கிடந்தது. ஒரு முனையை நீலமேகம் பிடித்துக்கொள்ள, மறு முனையில் தாசில்தார் துரைராசு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நகத்தை நுழைத்து முதல் முடிச்சை அவிழ்த்தார்.

"ஒன்று" என்றார் வேதநாயகம்.

காயாரோகணம் மேசைப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

"இரண்டு."

கொடுக்க வேண்டியவரே அவிழ்க்கிறார். அதுவும் பண்ணை மாதிரி அவசரமாக அல்ல; நாற்காலி போட்டு, விளக்குப் போட்டு, பக்கத்தில் ஆள் வைத்து எண்ணி அவிழ்க்கிறார். சில முடிச்சுகள் மழையில் நனைந்து இறுகியிருந்தன. தாசில்தார் அவற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பதினைந்து, பதினாறு. இந்த மனுஷனைப் போய் நாகம்மாளிடம் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று காயாரோகணத்துக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நாளுக்கு மூன்று மரக்கால் வேண்டாம், இரண்டு போதும் என்று மனதுக்குள் தள்ளுபடிகூடச் செய்தார்.

"முப்பத்தெட்டு. முடிஞ்சது சார்."

காயாரோகணம் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தாசில்தார் முன் குனிந்து நின்றார்.



"என்னய்யா இது?" என்றார் துரைராசு.

"நெல்லா குடுத்தாலும் சரிங்க. பணமா குடுத்தாலும் சரிங்க."

"எதுக்கு?"

"அவுத்தீங்களே."

நீலமேகம் சிரித்தார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். "எண்ணின முடிச்சையே மறுபடி எண்ணிடக் கூடாதுப்பா. அதுக்காகத்தான் அவிழ்த்து அவிழ்த்து எண்ணுறது. இதுக்கு விஞ்ஞான முறைன்னு பேரு. துண்டைத் தோள்ல போடு."

காயாரோகணம் துண்டைத் தோளில் போடவில்லை. விரித்த கை விரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய ஐம்பத்திரண்டு வயதில், கொடுக்காமல் அவிழ்த்த கையை அன்றுதான் பார்த்தார்.

பிறகு நீலமேகம் முடிவை எழுதச் சொன்னார்.

"முப்பத்தெட்டு நாள் மூடியிருந்தது என்று ஒரு கட்சி. இடையிலே மூன்று நாள் திறந்திருந்தது என்று இன்னொரு கட்சி. நான் ஒன்று கேக்கிறேன். அந்த மூணு நாள்ல இந்த ஆளுக்குக் கையெழுத்துக் கிடைச்சுதா? கிடைக்கல. கிடைக்கலைன்னா அது திறப்பா? திறப்பு ஆகாது. ஒரு தடவை திறந்தாத்தானே மறுதடவை மூடினதாச் சொல்ல முடியும்? ஆடியில மூடினது இன்னும் திறக்கவே இல்லை. ஆகவே?"

"ஆகவே?" என்றார் துரைராசு, நாற்காலி நுனிக்கு வந்து.

"ஆகவே மூடல் ஒன்றே ஒன்றுதான்!"

துரைராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் ஒரே ஒரு மூடல். மாநிலத்திலேயே குறைவாக இருக்கும் என்று நீலமேகம் அபிப்பிராயப்பட்டார். அடிக்கடி திறக்கிற ஆபீசுகள்தான் அடிக்கடி மூடி எண்ணிக்கையைக் கெடுத்துக்கொள்கின்றன.

"அளக்கறதுக்கு மூடினமே சார், இந்த ஒன்பது நாள்?" என்று வேதநாயகம் கேட்டார். பேனாவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே உள்ள வியாதி.

நீலமேகம் நியாயஸ்தர். மறைக்கவில்லை. "பொதுநலனுக்காக மூடினது. முழுசாச் சேர்க்கக் கூடாது. கால் போடும்."

ஆண்டுக்கு ஒன்றேகால் முறை.

காயாரோகணம் அப்போதும் வாசலுக்குப் போகவில்லை. "அய்யா, அளவு முடிஞ்சிச்சே. கையெழுத்து?"

துரைராசு சந்தோஷத்தில் இருந்தார். காயாரோகணத்தின் தோளைத் தட்டினார். "நாளைக்கு விழா. உனக்கு மேடையிலேயே போட்டுக் குடுத்துடறேன். போதுமா?"

---

பத்தொன்பதாம் தேதி விழாவுக்காக ஆபீஸ் மூடியிருந்தது. ஆபீசுக்கு எதிரே பந்தல், வாழைமரம், ரேடியோ செட். வாரியத் தலைவர் மெட்ராசிலிருந்து வந்திருந்தார். மூடல் அறிக்கையை மஞ்சள் அட்டை போட்டு ராத்திரியோடு அச்சடித்திருந்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "நேற்று ஆண்டவர்கள் மூடினார்கள், எத்தனை முறை மூடினார்கள்? தெரியாது! ஏன் தெரியாது? அளக்கவில்லை! நாங்கள் மூடினோம், மூடியதை அளந்தோம், அளந்ததை அச்சடித்தோம்! திறந்து வைத்துக்கொண்டு திண்டாடிய காலம் மலையேறிவிட்டது. இனி எந்தக் குடிமகனும், இந்த ஆபீஸ் எத்தனை முறை மூடும் என்று தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. ஒன்றேகால்! ஒன்றேகால்! ஒன்றேகால்!"

பந்தலில் கைதட்டினார்கள். காயாரோகணத்தை மேடையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். 'அளவைக்கு உதவிய அருமைத் தோழர்' என்று கூப்பிட்டு, ஜரிகை வைத்த பொன்னாடை போர்த்திப் படம் பிடித்தார்கள். அவர் கண் துரைராசுவை விட்டு நகரவில்லை. கடைசியில் துரைராசு, சொன்ன சொல் தவறாமல், எல்லோரும் பார்க்க ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, கயிற்றையும் காகிதத்தையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தார்.

பெரிய காகிதம் சின்னதாக இருந்தது. அலைந்து அலைந்து தேய்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். இறங்கும்போது, சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மீரா உசேனை நிறுத்திக் காட்டினார்.

"பாய், இதானே?"

மீரா உசேன் ஓட்டத்தில் பார்த்தார். "கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. அப்புறம் என்னா? போய்ட்டு வாப்பா!"

அன்றைக்குக் காயாரோகணம் பஸ்ஸில் போனார். முழங்கால் வலிக்கவில்லை.

---

முன்சீப் கோர்ட்டில் அந்தக் காகிதத்தைப் பெஞ்சு கிளார்க் உரக்கப் படித்தார். "சணல் கயிறு ஒன்று. நீளம் பதினோரு முழம். சரிபார்த்ததில் முடிச்சு ஏதும் இல்லை. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தனி வட்டாட்சியர், ஒப்பம்."

"மனைச் சான்று எங்கே?" என்று முன்சீப் கேட்டார்.

"அதாங்க இது" என்றார் காயாரோகணம்.

"இது கயிற்றுக்குச் சான்று."

"ஆபீஸ் பூட்டியே இருந்திச்சுங்க எசமான். எட்டு மாசமா நடந்தேன். பூட்டியே இருந்திச்சு."

பண்ணை வக்கீல் எழுந்தார். கையில் மஞ்சள் அட்டைப் புத்தகம் இருந்தது. "கனம் கோர்ட்டார் அவர்களே, எதிர்வாதி சொல்வது பொய். சர்க்கார் வாரியம் முறைப்படி அளந்து வெளியிட்ட அறிக்கை இது. அந்த ஆபீஸ் ஆண்டுக்கு ஒன்றேகால் முறைதான் மூடப்பட்டிருக்கிறது. மற்ற நாளெல்லாம் இவர் எங்கே போனார்? உரிமை இருந்திருந்தால் வாங்கியிருப்பார். அது மட்டும் இல்லை. இந்தக் கணக்குக்குச் சாட்சியே எதிர்வாதிதான். இதோ, இன்றைய பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் பொன்னாடையோடு அவர் படம்."

முன்சீப் படத்தைப் பார்த்தார். காயாரோகணத்தைப் பார்த்தார். "இது நீதானே?"

"நான்தாங்க."

பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அன்று மத்தியானமே கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனாவோடு காரியக்காரர் ரெங்கசாமி நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு கீழச்சேத்திக்கு வந்துவிட்டார். காயாரோகணம் நடந்து வந்து சேர்ந்தபோது கூரை இறங்கியிருந்தது. கீற்றை வேலி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"ஒரு கீத்துகூடக் கிழியல, எண்ணிப் பாத்துக்க" என்றார் ரெங்கசாமி. "என் மேல வருத்தம் வச்சுக்காத. வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

"எங்கன்னும் சொல்லிட்டுப் போங்க" என்றாள் நாகம்மாள். ரெங்கசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவள் உரலின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சட்டி, பானை, முறம், ஒரு டிரங்குப் பெட்டி. பானைகளைக் கட்டுவதற்குத் துணி இல்லாமல் பொன்னாடையை விரித்தாள். நாலு முனையையும் சேர்த்துத் தூக்கியபோது ஜரிகையோடு கிழிந்து பானை கீழே உருண்டது.

"ஒரு பானை தாங்கல" என்றாள். "இத எவன் தோள்ல போடுறதுக்குச் செஞ்சான்?"

காயாரோகணம் கூரையில்லாத சுவரில் சாய்ந்து முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். மடியிலிருந்து கயிற்றை எடுத்தார். சணல் பொல்லாதது, அவிழ்த்தாலும் முடிச்சு இருந்த இடத்தில் வளைவு போகாது. விரலால் தடவித் தடவி ஒவ்வொரு வளைவிலும் திரும்ப முடிச்சுப் போட்டார். முப்பத்தெட்டும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு துண்டின் ஓரத்தைப் பார்த்து அந்த ஒன்பதையும் கயிற்றில் ஏற்றினார். விழா நாளுக்கு ஒன்று.

நாகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுத்த முடிச்ச நீயே போடுறியே, இது மொறையா?"

"குடுக்காம அவுத்ததுதான் மொறை இல்ல."

"எவ்வளவு நிக்கிது?"

காயாரோகணம் முனையிலிருந்து முனைவரை ஒருமுறை எண்ணிவிட்டுச் சொன்னார்.

"நாப்பத்தெட்டு நாள் கூலி. ஒரு கையெழுத்து. தாசில்தார் துரைராசு தரணும்."